புள்ளி வைக்காத மேடு

எங்கள் அறையில் தெற்கு மேலே இருக்கும். வடக்கு நம் வயிற்றுப் பக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் அவர்களும் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் எளிது. செயற்கைக்கோள் நம் நாட்டுக்கு மேலே முற்பகலில் கடந்து போகும். அப்போது சூரியன் தென்கிழக்கில் நிற்கும், மலைகளின் நிழல் வடமேற்கே விழும். படத்தை வழக்கம்போல் வடக்கு மேலே வைத்தால் வெளிச்சம் கீழிருந்து வருவதுபோல ஆகிவிடும். பிறந்ததிலிருந்து மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கே பழகிய கண் அதை ஒப்புக்கொள்ளாது. மலையைப் பள்ளம் என்றும் பள்ளத்தை மலை என்றும் காட்டிவிடும். படத்தைத் திருப்பினால் நிழல் நம்மை நோக்கி விழும், எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்து சேரும். அதற்காகவே ஒவ்வொரு ஃபிலிமின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் ஓர் அம்பு போட்டிருப்போம். அந்த அறையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி அது. அதை மீறியவள் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, தெலுங்கும் உருதும் கலந்து பேசும் அந்த ஊரின் மறுகோடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குப் போவேன். நாட்டில் காடு எங்கே மிச்சம் இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைவது எங்கள் பிரிவின் வேலை. அந்தப் படத்தில் காடு பச்சையாக இருக்காது, சிவப்பாக இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை இலை திருப்பி அனுப்புகிறது. ஃபிலிம் அதைச் சிவப்பாகக் காட்டுகிறது. இலை அடர்ந்தால் சிவப்பும் அடரும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வார்ப்படப் பிரிவில் வேலை பார்த்த என் கணவருக்கு இது கடைசிவரை வேடிக்கைதான். "இன்னிக்கு எத்தன காட்டுக்குத் தீ வச்ச?" என்று கேட்டபடியே சாப்பாட்டு டப்பாவை வாங்கி வைப்பார்.

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் படத்தை வைத்து, அதன் மேல் நிறமில்லாத ஃபிலிமை ஒட்டி, மெல்லிய மைப்பேனாவால் எல்லை வரைய வேண்டும். அடர்ந்த காடு, திறந்த காடு, சீரழிந்த காடு, காடு அல்லாதது என்று நான்கே வகை. ஒரு கிலோமீட்டருக்கு நான்கு மில்லிமீட்டர். பேனா கொஞ்சம் வழுக்கினால் ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலமே காட்டுக்குள் போய்விடும். முடித்த ஷீட்டின் ஓரத்தில் வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அந்தக் கையெழுத்தில் ஒரு கர்வம் இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

தமிழ்நாட்டு மேற்கு மலை ஷீட்டுகளைப் பிரிவுத் தலைவர் என்னிடம் கொடுத்தார். அவர் தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்தவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"உங்க ஊர்தானேம்மா, நீயே போடு."

எங்கள் ஊராம். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், அவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்து கல்யாணம் முடித்தது எல்லாம் லாலாகுடாவைச் சுற்றித்தான். வாழ்நாளில் நான் ஏறியிருந்த மிகப் பெரிய மலை மௌலாலிக் குன்று. ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் கரண்ட் தினமும் போயிற்று. மேசை விளக்கு அணைந்ததும் எல்லாரும் டீக்குக் கிளம்புவார்கள். எனக்குச் சும்மா உட்கார வராது. சும்மா உட்கார்ந்தால் எரிச்சல் வரும், எரிச்சல் வந்தால் யாரையாவது கடித்து வைப்பேன். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். படத்தைக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, வெயில் வெளிச்சத்தில் நின்றுகொண்டே வரைந்தேன். மலக்பேட்டையிலிருந்து வரும் பக்கத்து மேசைத் தோழி, "கைக்கு இத்னா ஜல்தி?" என்று, எதற்கு இத்தனை அவசரம் எனத் தன் உருதுவில் கேட்டுவிட்டுத் தேநீரோடு போனாள். அவளுக்கு இமயமலை ஷீட்டுகள். எனக்கு முன்னால் முடித்துவிடுவாளோ என்ற பயமும் என் அவசரத்தில் கொஞ்சம் கலந்திருந்தது.

சுவரிலோ ஜன்னலிலோ மாட்டும் வரைபடத்தைத் தலைகீழாக மாட்ட யாருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை. வடக்கு மேலே இருக்க ஒட்டினேன். மூலையில் சிவப்பு அம்பு இருந்தது. அதைப் பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை.

மலையின் உச்சிப் பகுதிக்கு வந்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. மேட்டு வரிகளின் மேல் மட்டும் மெல்லிய சிவப்புக் கீற்றுகள். இடையில் இருந்த பள்ளங்கள் எல்லாம் வெளிறிக் கிடந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் இருக்கும் பள்ளத்தை வெட்டி உழுதிருக்கிறார்கள், ஏற முடியாத முகட்டில் மட்டும் காட்டை விட்டிருக்கிறார்கள். மனிதர்கள் எங்கேயும் செய்வது அதைத்தானே. வெளிறிய இடம் முழுவதையும் வளைத்து ‘சீரழிந்த காடு’ என்று எழுதினேன். எழுதும்போது அந்த ஊர்க்காரர்கள் மேல் கோபம்கூட வந்தது. ஷீட் சீக்கிரம் முடிந்தது. பிரிவுத் தலைவர் அதைத் தூக்கி நான்கு பேருக்குக் காட்டினார். "கரண்ட் லேதுன்னு யாரும் இனிமே சொல்லக் கூடாது, ஜன்னல் இருக்கு" என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் சாப்பாட்டு மேசையில் அந்த மலைப் படத்தின் காகிதப் பிரதி ஒன்றை விரித்து வைத்திருந்தேன். கறை விழுந்ததால் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பிரதி. கணவர் எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்தபடியே படத்தைப் பார்த்தார்.

"ஏளா, இது என்ன மலை? உச்சியில ஒண்ணுமே இல்ல, இடுக்குல மட்டும் செவப்பா இருக்கு."

"உச்சி இல்லங்க, அது பள்ளம். செவப்புதான் உச்சி."

"பள்ளமா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்தா, உருண்டையா மேடா நிக்கி."

"பள்ளங்க."

"மேடுங்கேன். நாள் பூரா அச்சுல மேடும் பள்ளமும் பாத்துட்டு வாரேன், எனக்கே சொல்லுதியா? இந்தப் பக்கம் வந்து பாரு."

"நக்கோ, நான் வரமாட்டேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க."

அவர் வரவில்லை. கையில் வெங்காயம். நான்தான் அவரை மடக்கிவிடும் உறுதியோடு எழுந்து மேசையைச் சுற்றிப் போனேன். அவர் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தேன். மலை எழுந்து நின்றது. வெளிறிய பள்ளங்கள் எல்லாம் உருண்ட மேடுகளாகி இருந்தன. சிவப்புக் கீற்றுகள் அவற்றின் மடிப்புக்குள் இறங்கிப் பதுங்கி இருந்தன. அவர் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து தெற்கு மேலே இருந்தது.

பள்ளத்தை விட்டுவிட்டு உச்சியை மட்டும் வெட்டி உழும் மனிதன் எந்த ஊரிலும் கிடையாது. அங்கே யாரும் எதையும் வெட்டவே இல்லை. மரம், காற்றுக்கு ஒதுங்கி ஈரம் நிற்கும் மடிப்பில் தன் பாட்டுக்கு நிற்கிறது. மேட்டில் இருப்பது புல். என்றைக்குமே புல். நான் அதற்குச் சீரழிந்தது என்று பெயர் வைத்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. அன்றைக்கு அவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

மறுநாள் பூட்டிய அலமாரியில் இருந்த நில அளவைப் படத்தைப் பதிவேட்டில் எழுதி வாங்கினேன். உயரக் கோடுகளைப் படத்தோடு பொருத்தினேன். சந்தேகமே இல்லை, சிவப்பு முழுவதும் மடிப்பில். பிறகு வெவ்வேறு வருடங்களில் எடுத்த பழைய படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். வெட்டப்படும் காட்டின் விளிம்பு வருடத்துக்கு வருடம் பின்வாங்கும். இங்கே புல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த கோடு எங்கேயும் அசையவில்லை. இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு இதைச் செய்தேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவர் அறைக்குப் போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, கையெழுத்து போட்டு உள்ளே போன ஷீட். மார்ச்சுக்குள்ள டெல்லிக்குப் போகணும். ஒரு மூலையில நாலஞ்சு மேடு. இப்ப எதுக்கும்மா?"

"சீரழிந்த காடுன்னு போட்டா அங்க என்ன சார் செய்வாங்க?"

அவருக்குப் பதில் தெரியும், எனக்கும் தெரியும். சீரழிந்த காடு என்றால் அதை மீண்டும் காடாக்க வேண்டும். குழி தோண்டி, வேகமாக வளரும் வெளிநாட்டு மரம் நடுவார்கள். வாட்டில் மரமோ தைலமரமோ வந்துவிட்டால் அதன் நிழலில் அந்தப் புல் பிழைக்காது. என் கோட்டை வைத்துத்தான் நடுவார்கள்.

"வேற என்னன்னு போடச் சொல்றே? பட்டியல்ல நாலு வகைதான் இருக்கு. புது நிறத்துக்கு அச்சுக்கூடத்துல இடம் லேது."

"நிறம் வேண்டாம் சார். இமயமலை ஷீட்ல, மரம் நின்னு போற உயரத்துக்கு மேல இருக்குற புல்லுக்குக் கறுப்புப் புள்ளி வைக்கிறோம். எழுத்துக்குப் போற அதே கறுப்பு. அங்க மேல மரம் இல்லன்னு யாரையும் குத்தம் சொல்றதில்ல. இங்கயும் அதே புள்ளி வைக்கலாம்."

"அது பனிமலை. இது தெற்கு. அங்க நேர்ல போய்ப் பாத்து எழுதினாங்க. நீ பாத்தியாம்மா?"

நான் பார்க்கவில்லை. பெண்களைக் களத்துக்கு அனுப்பும் வழக்கம் அன்று எங்கள் பிரிவில் இல்லை. தங்க இடமில்லை, ஜீப்பில் மூன்று ஆண்களோடு எப்படிப் போவாய் என்றெல்லாம் சொல்வார்கள். அதை அவரிடம் வாதாட எனக்கு நேரம் இல்லை.

"பாத்துட்டு வந்தா புள்ளி வைக்க விடுவீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "விடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஜன்னல்ல எத்தனை ஷீட் போட்டே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். ஒன்றுதான் என்று சொன்னால் முடிந்தது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஏழு என்றேன். ஏழையும் திருப்பிப் பார்க்கிறேன், என் பிழை என்று பதிவேட்டில் நானே எழுதுகிறேன் என்றேன்.

வீட்டில் அந்த வருடத்துக்கு ஓர் இலவச ரயில்வே பாஸ் மிச்சம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குத் திருநெல்வேலி போக வைத்திருந்தது. கணவரின் அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவராகவே பாஸ் விண்ணப்பத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"எந்த ஸ்டேஷன்னு சொல்லு. எழுதணும்ல."

"அத்தை வருத்தப்படுவாங்களே."

"மேடுன்னு சொன்னவன் நான்லா. நானும் பாக்க வேண்டாமா?"

கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பஸ் ஏறி, மேலே போய், அங்கிருந்து காலையில் நடந்தோம். வனக் காவலர் ஒருவர் கூட வந்தார். வழியில் ஓரிடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. என்ன கன்று என்று கேட்டேன்.

"வாட்டிலும்மா. மேல நடப் போறாங்க. எந்த மேடுன்னு இன்னும் காயிதம் வரல."

காகிதம் என் ஊரிலிருந்து வர வேண்டியது என்று அவருக்குத் தெரியாது. என் முகம் எப்படி இருந்ததோ, கணவர் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

முதல் மேட்டின் உச்சியில் நின்றோம். மார்கழிக் குளிரில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. அதை முதல்முறை பார்க்கும் யாரும் தரிசு என்றுதான் சொல்வார்கள். குனிந்து கையை உள்ளே விட்டேன். அடியில் ஈரம், விரலைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு அடர்த்தி. கீழே மடிப்பில் மரங்கள் நெருக்கமாக, கரும்பச்சையாக, ஒன்றின் தலைமேல் ஒன்று சாயாமல் நின்றன. அவற்றின் அடியிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் மேலேவரை கேட்டது. நான் லென்ஸ் வழியாகப் பார்த்திருந்த, அசையாத அந்தக் கோடு, காலுக்குக் கீழே நிஜமாகவே ஓடியது. புல் முடியும் இடத்தில் மரம் தொடங்கியது, நடுவில் ஒரு வெட்டுக் கட்டைகூட இல்லை. அழுதேன். கணவர் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பள்ளத்துக்கு அப்பால் இரண்டாவது மேடு இருந்தது. அதே வெளிறிய நிறம், அதே மடிப்பு. அங்கேயும் போக வேண்டும் என்றேன்.

"அது சுத்திப் போகணும்மா. போக ஒரு நாளு, வர ஒரு நாளு" என்றார் காவலர். பேசிக்கொண்டிருக்கும்போதே மஞ்சு ஏறி அந்த மேட்டை மூடிவிட்டது. மறுநாள் விடிந்தும் விலகவில்லை. கணவருக்கு லீவு முடிந்தது. இறங்கினோம்.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். பிரிவுத் தலைவர் வாக்குத் தவறவில்லை. ஆனால் ஷீட்டில் விரலை வைத்து, "இது நீ நடந்த மேடு. இது?" என்றார்.

"எதிர்ல இருந்து பாத்தேன் சார். அதுவும் புல்தான்."

"நடந்தியா?"

"இல்ல."

"நாளைக்கு யாராவது கேட்டா, பாத்தேன், நின்னேன்னு சொல்ல முடியற இடத்துக்கு மட்டும் புள்ளி வை. சரேனா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜன்னலில் நின்று பார்க்காமல் எழுதியவள் நான். இனி பார்க்காததை எழுதுவதில்லை என்று எனக்கு நானே வைராக்கியமாக இருந்தேன். அந்த வைராக்கியத்தில் இன்னும் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. மூன்று வருடப் படங்கள் கையில் இருந்தன, நில அளவைப் படம் இருந்தது. எதையும் எடுத்துப் போடவில்லை. தலையை ஆட்டினேன்.

முதல் மேட்டுக்கு மட்டும் புள்ளி வைத்தேன். தோழி தன் இமயமலை ஷீட்டைக் காட்டி, எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். "ஹவ், ஹவ், அப்டியேதான்" என்று எனக்காகத் தமிழும் பேசினாள். மூன்று நாள், கழுத்து இறுகிப் போகும்வரை புள்ளி. பிறகு மற்ற ஆறு ஷீட்டுகளையும் திருப்பிப் போட்டுத் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டில் பிழை இருந்தது, திருத்தினேன். கரண்ட் போன நேரங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதிவேட்டில் எழுதிய என் பிழை அந்த வருடப் பதவி உயர்வுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். என் பெயர் வரவில்லை. எரிந்தது. ஆனாலும் எழுதியதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் புதுப் படம் வந்ததும், எனக்கு ஒதுக்கிய வேலை எதுவாக இருந்தாலும், முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பேன். தெற்கை மேலே திருப்பி, லென்ஸை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. எங்கள் அறையில் சிவப்பைக் கண்டால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த இடத்தில் சிவப்பு வந்துவிடக் கூடாது. முதல் வருடம் வரவில்லை. இரண்டாம் வருடமும் வரவில்லை. நான் கொஞ்சம் அசட்டையானேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஐந்தாம் வருடப் படத்தில் வந்தது. முதல் மேடு வெளிறியே இருந்தது, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இரண்டாவது மேடு முழுவதும் சிவப்பு. காட்டுக்கு வளைந்த விளிம்புதான் இருக்கும். இதற்கு ஸ்கேல் வைத்து அடித்ததுபோல் நேரான விளிம்பு. பழைய ஷீட்டை எடுத்து மேலே வைத்தேன். நான் சீரழிந்த காடு என்று வளைத்த எல்லைக்குள் அந்தச் சிவப்பு அடங்கி நின்றது. நான் புள்ளி வைத்த மேட்டுக்குள் அது நுழையவே இல்லை. அங்கே குழி தோண்டியவர்கள் என் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோண்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அந்த ஷீட்டில் அதேபோல் வெளிறிய மேடுகள் இன்னும் மூன்று இருந்தன. மூன்றுக்கும் நான் வைத்த பெயர் அப்படியே இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"இந்த வருசம் எத்தன பாஸ் இருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பாஸ் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கொடை ரோடுன்னே எழுதட்டா?"

"எழுதுங்க" என்றேன். "இந்தத் தடவை லீவு நெறையப் போடுங்க."